பேச்சுரிமைக்கு இரண்டு தராசா?

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்தவனாக இந்த உரையைத் தொடங்குகிறேன்.

ஒரே தம்பி, இரண்டு கேள்விகள்

புதூரில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கோவில்பட்டியில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் என்னருகே வந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. அவருடைய அத்தா மானாவாரியில் உளுந்தும் மிளகாயும் போட்டவர். மழை ஏமாற்றிவிட்டது. பக்கத்து ஊருக்குப் பயிர்க் காப்பீட்டுப் பணம் வந்துவிட்டது, இவர்களுக்கு வரவில்லை. கணக்கெடுக்க யாரும் காட்டுப் பக்கமே வரவில்லை என்று இவர் முகநூலில் எழுதியிருக்கிறார். மறுநாளே ஒரு போன். பதிவை எடுத்துவிடு, இல்லையென்றால் கேஸ் வரும் என்று மிரட்டல்.

“நடந்ததத்தானே எழுதுனேன் ஹஜ்ரத்? வாயத் தெறந்து பேசுறதுக்குக்கூட நமக்கு உரிமை இல்லையா?” என்று கேட்டார்.

மூன்று வாரம் கழிந்தது. அதே தம்பி, அதே திண்ணை. இந்த முறை கண்கள் சிவந்திருந்தன. கையிலிருந்த போனில் ஒரு வீடியோ. நம் நபி (ஸல்) அவர்களைப் பற்றி ஒருவன் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறான்.

“இவனையெல்லாம் எப்படி ஹஜ்ரத் பேச விடுறாங்க? உள்ள தூக்கிப் போட சட்டத்துல வழி இல்லையா?”

“இது உங்களுக்கு எப்படி வந்துச்சு தம்பி?”

“குரூப்ல வந்துச்சு ஹஜ்ரத்.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

சற்றுத் தயங்கினார். “நானும் நாலு குரூப்புக்கு அனுப்புனேன். எல்லாருக்கும் தெரியட்டும்னு.”

அன்று அவரை அமைதிப்படுத்தி அனுப்பினேனே தவிர, சரியான பதில் சொல்லவில்லை. இந்த உரைதான் அந்தப் பதில். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த இரண்டு கேள்விகளும் உங்களுக்குள்ளும் இருக்கின்றன, எனக்குள்ளும் இருக்கின்றன. நாம் பேசும்போது சுதந்திரம் வேண்டும். நம்மைப் பற்றிப் பிறர் பேசும்போது சட்டம் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே வாயால் கேட்கலாமா? அதுதான் இன்றைய கேள்வி.

வாங்கும்போது ஒரு படி, கொடுக்கும்போது ஒரு படி

திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அளவில் மோசடி செய்பவர்களைப் பற்றிய எச்சரிக்கையுடன் தொடங்குகிறது. மக்களிடம் அளந்து வாங்கும்போது நிறைய வாங்கிக்கொள்வார்கள், அவர்களுக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துவிடுவார்கள். அவர்களுக்குக் கேடுதான் என்று அல்லாஹ் கண்டிக்கிறான்.

மிளகாய் வத்தலையும் பருத்தியையும் கமிஷன் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டவர்களுக்கு இந்த வசனம் நன்றாகப் புரியும். எடைக்கல்லில் செய்யும் மோசடி கண்ணுக்குத் தெரிந்துவிடும். உரிமைகளில் செய்யும் மோசடி தெரிவதில்லை. எனக்குப் பேச்சுரிமை வேண்டும் என்று படி நிறையக் கேட்டுவிட்டு, எதிரில் இருப்பவனுக்குப் பாதிப்படி அளந்தால் அதுவும் அளவு மோசடிதான்.

நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். ஒரு மனிதருக்கு அவர்கள் ஓர் ஒட்டகம் கடன்பட்டிருந்தார்கள். அவர் வந்து கடனைக் கடுமையான வார்த்தைகளால் கேட்டார். மதீனாவின் தலைவரிடம், தோழர்கள் சூழ்ந்திருக்கும் சபையில்! தோழர்கள் அவரைத் தண்டிக்க எழுந்தார்கள். நபியவர்கள் தடுத்தார்கள். உரிமை உள்ளவருக்குப் பேச இடம் உண்டு, அவரை விட்டுவிடுங்கள் என்றார்கள். அவருடையதைப் போன்ற ஒட்டகம் கிடைக்காததால் அதைவிட மேலானதையே வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். புகாரியில் பதிவாகியிருக்கும் செய்தி இது.

கவனியுங்கள். அந்த மனிதர் அழகாகப் பேசவில்லை. பேசிய விதம் தவறு, ஆனால் கேட்ட விஷயம் நியாயம். நபியவர்கள் விதத்தைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை மூடவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் காட்ட வேண்டிய பொறுமையின் அளவு இதுதான்.

அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர வேறு யாரும் தீய சொல்லை உரக்கப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்பது 4:148 வசனத்தின் கருத்து. பாதிக்கப்பட்டவனின் குரலுக்கு அல்லாஹ் தனியாகவே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறான். காப்பீட்டுப் பணம் வராத விவசாயியின் மகனுக்கும் அந்த இடம் உண்டு.

நம் கரிசல் மண் கண்ட வழக்கு

பேச்சுக்காகச் சிறை சென்றவர்களின் வரலாறு நமக்குத் தூரத்தில் இல்லை. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனாருக்கு 1908 ஜூலையில் திருநெல்வேலி நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. பின்னர் மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. குற்றம் என்ன? பேசியதும், பேசிய சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதும். அதே ஆண்டில் எட்டயபுரத்துப் பாரதி கைதுக்கு அஞ்சிப் புதுச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது. அவர் இறந்த பிறகும், 1928இல், அவருடைய பாடல் நூல்களை மதராஸ் மாகாண அரசு பறிமுதல் செய்தது.

அதே எட்டயபுரத்தில்தான் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கிறார். நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாக்கிய ஒரு முஸ்லிம் புலவர், ஓர் இந்து ஜமீனின் ஊரில் அரசவைப் புலவராக மதிக்கப்பட்டார். தம் மதத்தைச் சேராத ஒருவருடைய மார்க்கத்தின் புகழ் பாடும் நாவுக்கு அந்த மண் இடம் கொடுத்தது. அந்த இடத்தில் இன்றும் நாம் போய் நிற்கிறோம். பிறர் நமக்குத் தந்த விசாலம் அது. அதை நாம் பிறருக்குக் கொடுக்கும்போது குறைக்கலாமா?

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

நம் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் தருகிறது. 19(2) பிரிவு அதற்கு வரம்பு வைக்கிறது. நாட்டின் ஒருமைப்பாடு, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். “என் மனம் புண்பட்டது” என்பது அந்தப் பட்டியலில் தனிக் காரணமாக இல்லை.

இணையத்திற்கென்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்ற பிரிவு இருந்தது. பிறருக்கு எரிச்சல் ஊட்டும், சங்கடம் தரும் செய்தியை அனுப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை. எரிச்சல் என்றால் என்ன? யாருடைய எரிச்சல்? அதற்கு வரையறை இல்லை. 2012 நவம்பரில் ஓர் அரசியல் தலைவரின் மறைவையொட்டி மும்பை முழுக்கக் கடையடைப்பு நடந்தது. அது ஏன் என்று மகாராஷ்டிர மாநிலம் பால்கரில் ஓர் இளம்பெண் முகநூலில் கேட்டார். அவர் கைதானார். அந்தப் பதிவுக்கு ‘லைக்’ போட்ட தோழியும் கைதானார். எழுதியவர் நம் சமுதாயத்துப் பெண். அந்தச் சம்பவத்தைக் கண்டு ஸ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி வழக்குத் தொடுத்தார். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை முழுவதுமாக ரத்து செய்தது.

அந்தத் தீர்ப்பு பேச்சை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு விஷயத்தை விவாதிப்பது ஒன்று. ஒரு கருத்துக்காக வாதாடுவது இரண்டு. குற்றம் செய்யத் தூண்டிவிடுவது மூன்று. முதல் இரண்டும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் சட்டம் கை வைக்கக் கூடாது. மூன்றாவதை எட்டும்போதுதான் சட்டம் நுழையலாம்.

கோவில்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைத் தீப்பெட்டியை வைத்தே சொல்லிவிடலாம். நம் பகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தத் தொழில்தான் சோறு போடுகிறது. குச்சியில் மருந்து இருக்கிறது, உரசினால் தீப்பிடிக்கும். அதற்காகத் தீப்பெட்டியைத் தடை செய்வதில்லை. வைக்கோல் படப்பில் கொளுத்திப் போட்டவனைப் பிடிக்கிறோம். 1989இல் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்த் திரைப்படத்தின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இந்த உவமையையே சொன்னது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறியைப் போல நெருங்கியதாக இருந்தால்தான் தடுக்கலாம் என்றது. யாரோ கலவரம் செய்வோம் என்று மிரட்டுகிறார்கள் என்பதற்காகப் பேசுபவரின் வாயை அரசு அடைக்கக் கூடாது என்றும் சொன்னது.

நாம் வெட்டிய கோல்

அருமைச் சகோதரர்களே! இப்போது நம்மைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது 4:135 வசனம் நமக்கு இடும் கட்டளை.

2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்திற்கு முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. நம்மைத் தீவிரவாதிகளாகவே காட்டிப் பழகிவிட்ட திரையுலகின் மீது நமக்கு இருந்த வருத்தம் நியாயமானது. தணிக்கைச் சான்று பெற்ற அந்தப் படத்தைத் தமிழக அரசு 144 தடையுத்தரவின் மூலம் மாவட்டந்தோறும் நிறுத்தியது. உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி அனுமதித்தார், மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. கடைசியில் பேச்சுவார்த்தை. சில காட்சிகளின் ஒலியை நீக்கப் படத்தை எடுத்தவர் ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 7 அன்று படம் வெளியானது. வென்றுவிட்டோம் என்று நம்மில் பலர் மகிழ்ந்தார்கள்.

அடுத்து நடந்ததையும் பாருங்கள். 2015 ஜனவரியில், ‘மாதொருபாகன்’ நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் போராட்டம். அங்கும் மனம் புண்பட்டது என்றார்கள். அங்கும் அதிகாரிகள் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை. அவர் வருத்தம் தெரிவித்து, எழுத்தாளன் செத்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்துவிட்டு ஒதுங்கினார். 2016 ஜூலை 5 அன்றுதான் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சுவார்த்தை முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்று கூறி, அவர் மீண்டும் எழுதட்டும் என்றது. பிடிக்காத புத்தகத்தை மூடி வைத்துவிடலாமே என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

இரண்டு சம்பவங்களும் ஒன்றல்ல. ஆனால் கருவி ஒன்றுதான். கூட்டம் சேர்வது, ஒழுங்கு கெடும் என்று அரசு சொல்வது, பேசியவரை உட்கார வைத்து ஒப்புக்கொள்ள வைப்பது. நாம் ஒரு கோலை வெட்டினால் அது நம் கையிலேயே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நாளை அந்தக் கோல் பெரும்பான்மையின் கையில் இருக்கும். நம்முடைய பயானும், நம்முடைய பத்திரிகையும், நம் தம்பியின் காப்பீட்டுப் பதிவும் யாரோ ஒருவருடைய மனதைப் புண்படுத்தும்.

இதைவிடக் கனமான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1920களில் லாகூரில் நபி (ஸல்) அவர்களை இழிவுபடுத்தி ஒரு நூல் வெளிவந்தது. அதை வெளியிட்டவர் 1927இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார். நம் முன்னோர் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பின் விளைவாகத்தான் 295ஏ சட்டப்பிரிவே பிறந்தது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆவது பிரிவாக இருக்கிறது. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு மத நம்பிக்கையை இழிவுபடுத்தினால்தான் அது பொருந்தும். ஆனால் சட்டம் வந்த பிறகும் அந்த வெளியீட்டாளர் 1929இல் கொல்லப்பட்டார். ஒரு நூலுக்கு ஓர் உயிர். அதன் பின் இந்த உபகண்டத்தில் எத்தனை உயிர்கள்!

தமிழ்நாட்டிலும் அது நடந்தது. 2017 மார்ச்சில் கோவையில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து இறைமறுப்பை ஏற்று, அந்தக் கருத்துகளை இணையத்தில் பகிர்ந்துவந்த ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்கள் நம் பெயர்களைத் தாங்கியவர்கள். தந்தையை இழந்த பிள்ளைகளின் கண்ணீருக்கு நாளை மறுமையில் யார் பதில் சொல்வது? அவருடைய கருத்து தவறு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் நபியவர்களை முகத்துக்கு நேராக ஏசியவர்கள் மதீனாவில் இருந்தார்கள். கத்தியை எடுத்துக்கொண்டு இரவில் காத்திருக்கும்படி எந்த மார்க்க அறிஞர் எந்தத் தனிமனிதனுக்கு அதிகாரம் கொடுத்தார்?

மனம் புண்படும்போது குர்ஆன் தரும் மருந்து

அப்படியானால் நம் நபியை ஏசினால் சும்மா இருப்பதா என்று கேட்பீர்கள். சும்மா இருக்கச் சொல்லவில்லை. அல்லாஹ் வேறு வேலை கொடுத்திருக்கிறான்.

முதலாவது, விலகுதல். இறைவசனங்கள் கேலி செய்யப்படும் சபையில், அவர்கள் வேறு பேச்சுக்கு மாறும்வரை உட்காராதீர்கள் என்பது 4:140 தரும் போதனை. அந்த வசனத்தில் இருக்கும் நுட்பத்தைப் பாருங்கள். சபையைக் கலைக்கச் சொல்லவில்லை. எழுந்து போகச் சொல்கிறது, பேச்சு மாறிய பிறகு திரும்பி வரவும் கதவைத் திறந்து வைக்கிறது. இன்றைய மொழியில் சொன்னால், அந்த வீடியோவைப் பார்க்காதீர்கள், பகிராதீர்கள். நூறு பேர் பார்த்திருக்க வேண்டிய ஏச்சை ‘எல்லாருக்கும் தெரியட்டும்’ என்று ஆயிரம் பேருக்குக் கொண்டு சேர்த்தது யார்? ஏசியவனுக்குச் செலவில்லாமல் விநியோகம் செய்து கொடுத்தவர்கள் நாம்தான்.

இரண்டாவது, மென்மை. சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து ஸலாம் சொல்வதுபோல் ‘உமக்கு மரணம் உண்டாகட்டும்’ என்று வார்த்தையைத் திரித்துச் சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கோபத்தில் கடுமையாகத் திருப்பிச் சொன்னார்கள். நபியவர்கள் மனைவியை அமைதிப்படுத்தி, எல்லாக் காரியத்திலும் மென்மையையே அல்லாஹ் விரும்புகிறான் என்று கற்றுக்கொடுத்தார்கள். ஏச்சு அவர்களுக்கு. அவர்கள் முன்னிலையிலேயே நடந்தது. அவர்கள் கொடுத்த பதில் ஒரு சொல்லைத் தாண்டவில்லை. ஃபிர்அவ்னிடம்கூட மென்மையாகப் பேசும்படிதானே மூஸா (அலை), ஹாரூன் (அலை) இருவருக்கும் கட்டளை வந்தது (20:44)?

மூன்றாவது, நம் பக்கத்தைச் சரிசெய்தல். பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள், அறியாமையால் அவர்கள் அல்லாஹ்வை ஏசுவார்கள் என்று 6:108 எச்சரிக்கிறது. பக்கத்துத் தெருவின் கொடையையும் பொங்கலையும் கிண்டல் செய்யும் மீம்களை நம் பிள்ளைகளின் போனில் பார்த்திருக்கிறேன். அதற்கு யாரிடம் புகார் கொடுப்பது?

எப்போது சட்டத்தை நாட வேண்டும்?

இதெல்லாம் கோழைத்தனம் அல்ல. உள்ளத்தைக் காயப்படுத்தும் சொல் வேறு, உயிருக்கும் உடைமைக்கும் குறிவைக்கும் சொல் வேறு. கொளுத்திப் போடுபவனைக் கண்டால் தயங்காமல் சட்டத்தின் கதவைத் தட்டுங்கள்.

2020ஐ மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவுக்குத் தப்லீக் ஜமாஅத்தின் பெயரைச் சூட்டி, நாம் வேண்டுமென்றே நோயைப் பரப்புகிறோம் என்று பல ஊடகங்கள் நாள்கணக்கில் பேசின. நம் ஆட்களிடம் காய்கறி வாங்காதீர்கள் என்று செய்தி பரவியது. அது விமர்சனம் அல்ல, பொய்யைக் கொண்டு ஒரு சமூகத்தின் வயிற்றில் அடிப்பது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கூறி வழக்குகளை ரத்து செய்தது. வெறுப்புப் பேச்சு நடந்தால், புகார் வராவிட்டாலும் காவல்துறை தானாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மூன்று இடங்களுக்குச் சொன்னதை, 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் விரிவாக்கியது. பேசியவரின் மதம் எதுவானாலும் என்று சேர்த்தே சொன்னது. இந்தத் தராசைத்தான் நாம் கேட்க வேண்டும். நம் மேடையில் யாராவது அப்படிப் பேசினாலும் அதே தராசுதான்.

பள்ளிக்கூடத்தில், வீட்டில்

1985இல் கேரளத்தில் மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. பேசும் உரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கியிருக்கிறது என்பதை அந்தச் சிறு பிள்ளைகள் நாட்டுக்கே கற்றுக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளின் மனசாட்சிக்கும் அந்தத் தீர்ப்பு ஒரு நிழல். வேறொரு மதத்தின் மிகச் சிறிய பிரிவு போராடிப் பெற்ற நிழலில் நாமும் நிற்கிறோம்.

அந்த நிழலை நம் வீட்டில் நாம் கொடுக்கிறோமா? மக்தபில் ஒரு பிள்ளை ‘அல்லாஹ்வை யார் படைத்தது?’ என்று கேட்டால் வாயில் அடிக்கிறோம். ஒரு வாலிபர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து விபச்சாரத்துக்கு அனுமதி கேட்டதை எண்ணிப் பாருங்கள். சபையில் இருந்தவர்கள் அதட்டினார்கள். நபியவர்கள் அவரை அருகில் உட்கார வைத்து, உன் தாய்க்கு, மகளுக்கு, சகோதரிக்கு இதை விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பிறகு அவர் நெஞ்சில் கை வைத்து துஆ செய்தார்கள். கேட்கக் கூடாத கேள்விக்குக்கூட அந்தச் சபையில் பதில் இருந்தது. நம்மிடம் பதில் கிடைக்காத கேள்விகளைப் பிள்ளைகள் இருட்டு அறையில் போனிடம் கேட்கிறார்கள்.

சட்டம் விட்டாலும் விடாத கணக்கு

கடைசியாக ஒன்று. சட்டம் அனுமதித்துவிட்டது என்பதால் சொல் ஹலாலாகிவிடாது. நாட்டின் சட்டம் பெரும் தீங்கைத் தடுக்கும் வேலி. மூமினின் நாவுக்கு அதைவிட நெருக்கமான வேலி இருக்கிறது. வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் எழுதக் கண்காணிப்பாளர் இருக்கிறார் (50:18). கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்பது முஸ்லிமில் வரும் நபிமொழியின் கருத்து. பார்வர்ட் பொத்தான் இல்லாத காலத்தில் சொன்ன எச்சரிக்கை அது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட அவதூறு ஏறத்தாழ ஒரு மாதம் மதீனாவில் நாவிலிருந்து நாவுக்குப் பரவியது. அதைப் பரப்பியவர்களில் மிஸ்தஹ் என்பவரும் ஒருவர். அவருக்கு உணவளித்து வந்தவரே ஆயிஷாவின் தந்தை அபூபக்ர் (ரலி) அவர்கள்தான். குறிப்பிட்ட ஒருவரின் மானத்தில் கைவைத்த பொய் என்பதால் இறைச்சட்டம் அதற்குத் தண்டனையும் வைத்தது. ஆனால் அந்த உதவியை நிறுத்துவேன் என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தபோது, மன்னியுங்கள், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்களா என்ற கருத்தில் வசனம் இறங்கியது (24:22). மகளின் மானத்தைப் பேசியவருக்கு அவர்கள் மீண்டும் உணவளித்தார்கள். சட்டம் ஒரு பக்கம் நீதியை நிறைவேற்றியது. மறு பக்கம் மனிதன் சட்டத்தைவிட உயர்ந்தான்.

தம்பிக்கு

தம்பி, உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இது. எழுதுங்கள். நடந்த தேதியையும் பயிர் விவரத்தையும் எழுதுங்கள். யாரையும் ஏசாதீர்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள். பொது நன்மைக்காகச் சொல்லும் உண்மை அவதூறு ஆகாது என்று சட்டத்திலேயே விதிவிலக்கு இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கணக்கெடுப்பின் நகலைக் கேளுங்கள். மிரட்டல் வந்தால் தனியாக நிற்காதீர்கள், ஜமாஅத்தையும் ஊர் விவசாயிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் இது. அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய நான்கு குரூப்பிலும், அனுப்பியது தவறு, அழித்துவிடுங்கள் என்று எழுதுங்கள். அவன் வன்முறைக்குத் தூண்டியிருந்தால் இணைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், நானும் காவல் நிலையத்துக்கு வருகிறேன். வெறும் ஏச்சாக இருந்தால், அன்று இரவு உங்கள் வகுப்பு நண்பர் ஒருவருக்கு நம் நபியைப் பற்றி ஒரு நல்ல செய்தியைச் சொல்லுங்கள். ஏசியவன் வரைந்த படத்தை உங்கள் நடத்தைதான் அழிக்க முடியும்.

நீங்கள் கேட்ட அதே படியை உங்களைப் பிடிக்காதவனுக்கும் நிறைய அளந்து கொடுங்கள். இது எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்வதுதான். உங்கள் கேள்வி இல்லாவிட்டால் என் தராசை நான் பார்த்திருக்க மாட்டேன்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளை உண்மையில் நிலைநிறுத்துவாயாக. அநீதியின் முன் பேசும் துணிவையும், ஏச்சின் முன் பொறுக்கும் வலிமையையும் தருவாயாக. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு எங்களை நீதி தவறச் செய்யாமல் காப்பாயாக. எங்கள் பிள்ளைகளின் கேள்விகளுக்கு இடம் கொடுக்கும் உள்ளத்தை எங்களுக்கு அருள்வாயாக. இந்தக் கரிசல் பூமிக்குப் பருவத்தில் மழையையும், இங்கு வாழும் எல்லா மக்களுக்கும் அமைதியையும் தருவாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.